மாமாவின் நாலு பூட்டு: கொழும்பில் வாகனம் காத்த கதை

கொட்டாஞ்சேனையில் எங்கட மாமா இரவில் த்ரீவீலை நிறுத்துகிறதைப் பார்த்தால் கோயில் நடை சாத்துகிற மாதிரி இருக்கும். முதலில் பெட்ரோல் கொக்கை மூடுவார். பிறகு ஹேண்டிலைத் திருப்பி லொக் பண்ணுவார். முன் சில்லுக்குள் சங்கிலியைக் கோத்து பக்கத்து வீட்டு கேட்டோடு சேர்த்துப் பூட்டுவார். கடைசியாக உள்ளே குனிந்து, கையை எங்கேயோ விட்டு எதையோ தட்டுவார். அது நாலாவது பூட்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இவ்வளவும் ஏனென்றால் 2013இல் அவருடைய முதல் த்ரீவீல் களவு போனது. வீட்டு வாசலில், இரவோடிரவாக. பொலிசில் என்ட்ரி போட்டார், பஞ்சிகாவத்தைப் பக்கம் நாலைந்து நாள் அலைந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. "எஞ்சின் ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம் போயிருக்கும் பிள்ளை" என்று இன்றைக்கும் சொல்லுவார். இலங்கையில் பதிவான த்ரீவீல்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். அதற்குள் ஒன்றைக் கரைத்துவிடுவது எவ்வளவு சுகம் என்று யோசித்துப் பாருங்கள்.

வரலாறு படிக்கிற பிள்ளை என்பதால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. எதைப் பார்த்தாலும் 'இது எப்ப வந்தது, யாருக்காக வந்தது' என்று கேட்கத் தோன்றும். போர்களுக்கும் தேர்தல்களுக்கும் வரலாறு எழுதுகிறார்கள், பூட்டுக்கு யாரும் எழுதுவதில்லை. ஆனால் கொழும்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையை அவர்களுடைய வாகனப் பூட்டுகளை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்குப் படுகிறது.

எங்கட அப்பப்பா வெள்ளவத்தையில் ஒரு பழைய மொரிஸ் மைனர் வைத்திருந்தார். இன்றைய கண்ணுக்கு அந்தக் காரில் பாதுகாப்பு என்று ஒன்றுமே இல்லை. சாவியைத் திருப்பினால் கரண்ட் வரும், அவ்வளவுதான். பிறகு டாஷ்போர்டில் ஒரு குமிழைப் பிடித்து இழுத்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். சாவி இல்லாவிட்டாலும் இரண்டு வயரைச் சேர்த்தால் அதே வேலை நடந்துவிடும். ஸ்டியரிங் பூட்டும் கிடையாது. மேற்கு ஜெர்மனியில் 1963இலேயே பழைய கார், புதுக் கார் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், அங்கே களவும் குறைந்தது. பிரிட்டன் 1971இல்தான் அதைக் கட்டாயமாக்கியது, அதுவும் புதுக் கார்களுக்கு மட்டும். அதால் அங்கே கள்ளர்கள் பழைய கார்கள் பக்கம் திரும்பினார்கள். இலங்கையில் ஓடியதில் கனக்க பிரிட்டன் கார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாக இறுக்கப்பட்டிருந்ததால் இருந்த பழசையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். உலகத்தில் வந்த பூட்டு எதுவும் இங்கே நேரத்துக்கு வந்து சேரவில்லை.

அதால் ஆட்கள் தாங்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். எஞ்சினுக்குக் கரண்டைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் என்று பெருவிரல் அளவில் ஒரு துண்டு இருக்கும். அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் கார் அசையாது. இது எங்கட ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1940இல் ஜெர்மன் படை இறங்கிவிடும் என்று பயந்த பிரிட்டன், வாகனத்தை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் அதை இயங்காமல் செய்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சட்டமே போட்டது. அப்போது ஆட்கள் கழற்றிக்கொண்டு போனது இந்த ரோட்டரைத்தான். அப்பப்பா படம் பார்க்கப் போனாலும் ரோட்டர் அவரோடு படம் பார்க்கும். அப்பம்மா அதைத் தெரியாமல் சட்டையோடு சேர்த்துத் தோய்த்த கதை எங்கட வீட்டில் ஐம்பது தரம் சொல்லப்பட்டது.

அந்தக் காரில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. இலக்கத்தகடு. அதைப் பாதுகாப்பு என்று நாங்கள் நினைப்பதே இல்லை, ஆனால் 'இந்த வண்டி இன்னாருடையது' என்று அரசாங்கம் எழுதித் தருகிற அத்தாட்சி அதுதான். எங்கட நாட்டில் அந்தத் தகடு சும்மா இருக்கவில்லை. ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்தில் பண்டாரநாயக்க அரசாங்கம் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைக் கொண்டுவந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958இல் வடக்கே ஸ்ரீ தகட்டோடு வந்த பஸ்களில் தார் பூசப்பட்டது, பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. அந்த வருடம் மே மாதம் கலவரம் வெடித்தது. அதற்கு ஸ்ரீ மட்டும் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வண்டி இன்னாருடையது என்று சொல்ல வந்த ஒரு தகடு, வண்டிக்காரன் எந்தப் பக்கம் என்று சொல்லுகிற தகடாக மாறினது எங்கட வரலாற்றில்தான் நடந்தது. அந்தப் பழைய ஸ்ரீ வாகனங்கள் இப்பவும் காலி வீதியில் ஓடுகின்றன. நாங்கள் அதைப் பார்த்தால் 'வின்டேஜ்' என்று போட்டோ எடுக்கிறோம்.

1983 ஜூலை. அப்பப்பாவின் மொரிஸ் மைனர் ஒழுங்கைக்குள் நின்றது, ரோட்டர் அவருடைய பையில். வந்தவர்களுக்கு கார் தேவைப்படவில்லை, அதற்குள் இருந்த பெட்ரோல்தான் தேவைப்பட்டது. அந்த நாட்களில் கொழும்பு முழுக்க நடந்தது இதுதான்: வாகனங்களை மறித்தார்கள், உள்ளே இருப்பது யார் என்று பார்த்தார்கள், டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்தார்கள், அதே பெட்ரோலால் கடையையும் வீட்டையும் கொளுத்தினார்கள். எங்கட காரை வீதிவரைக்கும் தள்ளிக்கொண்டு போய் எரித்ததாகப் பக்கத்து வீட்டுச் சிங்கள ஆன்ட்டி பிறகு சொன்னாராம். ஸ்டியரிங் பூட்டு இல்லாத கார் தள்ளுவதற்குச் சுகம்தானே. இரத்மலானை முகாமில் அப்பப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டபோது ரோட்டர் அங்கேயே இருந்திருக்கு. ஆக, தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால் அந்தக் கார் களவு போகவே இல்லை. அப்பா இதைச் சிரித்துக்கொண்டு சொல்லுவார். எனக்குச் சின்ன வயதில் அது பகிடியாக இருந்தது. இப்ப அப்படி இல்லை.

போர்க்காலத்தைப் பற்றி எங்கட வயதுக்காரருக்கு நேரடி ஞாபகம் குறைவு. வீட்டில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியை லொறிக் குண்டு உடைத்த பிறகு, கொழும்பில் ஆள் இல்லாமல் நிற்கிற எந்த வாகனமும் சந்தேகத்துக்குரியதுதான். களவுப் பூட்டின் அடிப்படை யோசனையே 'நிறுத்து, பூட்டு, நிம்மதியாகப் போ' என்பது. இங்கே பூட்டிவிட்டுப் போனால்தான் பிரச்சினை. செக்பொயின்டில் டிக்கியைத் திற, பொனெட்டைத் திற, சீட்டைத் தூக்கு. தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை என்றால் இன்னொரு தரம் திற. பூட்டு எவ்வளவு நல்லதென்றாலும் துவக்குக்கு முன்னால் நீங்களே அதைத் திறந்து காட்டவேண்டும்.

பிறகு வெள்ளை வான். இதை எழுதாமல் வாகனத்தையும் களவையும் பற்றி ஒரு கொழும்புத் தமிழர் எழுத முடியாது. இலக்கத்தகடு இல்லாமல் அல்லது பொய்த் தகட்டோடு ஒரு வான் வரும், ஆளை ஏற்றும், போகும். 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமல் போன வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொட்டாஞ்சேனைக் குடும்பங்களும் அதில் இருக்கின்றன. கடற்படையினர் மீது வழக்குத் தொடரப்பட்டது. முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் 2021இல் முடிவெடுத்தார். அந்தத் தாய்மார் இன்றைக்கும் படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வாகனம் யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் இலக்கத்தகடு வந்தது. ஆளைக் களவெடுக்க வந்த வாகனம் முதலில் கழற்றியதும் அதைத்தான்.

இனி நவீன பூட்டுக்கு வருவோம். 1990களில் ஐரோப்பாவில் இம்மொபிலைசர் வந்தது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப். நீங்கள் சாவியைத் திருப்பும்போது காரின் கம்ப்யூட்டர் அந்தச் சிப்பிடம் இரகசிய இலக்கத்தைக் கேட்கும். பதில் சரியென்றால்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். வயரைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ணுகிற வித்தை அத்தோடு செத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஒக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் இரண்டு பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்: 1995 முதல் 2008 வரை இந்தச் சாதனத்தால் கார்க் களவு சராசரியாக 40 வீதம் குறைந்தது. இது சாதாரண எண் இல்லை. பொலிஸ் கூட்டி, தண்டனை கூட்டிச் செய்ய முடியாததை ஒரு சிப் செய்திருக்கு.

இதற்கு மறுபக்கச் சாட்சி அமெரிக்கா. அங்கே இம்மொபிலைசர் கட்டாயம் இல்லை. அதால் ஹூண்டாயும் கியாவும் தங்கட மலிவு மாடல்களில் அதைப் பூட்டாமலே வருடக்கணக்கில் விற்றன. 2015ஆம் ஆண்டு மாடல்களில் மற்றக் கம்பனிகளின் கார்களில் 96 வீதத்தில் இம்மொபிலைசர் இருந்தது, இந்த இரண்டு கம்பனிகளின் கார்களில் 26 வீதத்தில் மட்டும்தான். 2021, 2022இல் பொடியங்கள் யூ.எஸ்.பி வயரின் முனையைச் சாவியாகத் திருப்பி காரைக் கிளப்புவதை டிக்டொக்கில் போட்டார்கள், ஊருக்கு ஊர் களவு. பக்கத்து நாடான கனடாவில் 2007 முதல் சட்டம் இருந்ததால் அதே கம்பனிகள் அங்கே இம்மொபிலைசரோடுதான் விற்றன. சில டொலர் மிச்சம் பிடித்ததை யார் கட்டினார்கள் என்றால், காரை இழந்த ஏழை ஆட்கள். அந்த மாடல்களை வாங்கியவர்களில் கனபேர் அவர்கள்தான்.

எங்கட ஊருக்கு இம்மொபிலைசர் எப்படி வந்தது? ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்த விட்ஸ், அக்குவா, வெசல் கார்களுக்குள் உட்கார்ந்து கப்பலேறி வந்தது. அதால் அது எங்கட தேவைக்காகச் செய்த பூட்டு இல்லை, ஜப்பான்காரருக்காகச் செய்தது. ஒரு விளக்கம் திரையில் வந்தால் அதுவும் ஜப்பான் மொழியில்.

வெள்ளவத்தையில் எங்கட பெரியம்மாவிடம் அப்படி ஒரு ஹைபிரிட் இருக்கு. வரும்போதே ஒரே ஒரு ஸ்மார்ட் கீ. போன வருடம் அது மழைத்தண்ணீரில் விழுந்து செத்தது. காரின் சொந்தக்காரி, பதிவுப் புத்தகம், அடையாள அட்டை எல்லாம் காருக்கு முன்னால் நிற்கிறது, கார் அவவைத் தெரியாது என்கிறது. பூட்டுக்கு எங்களைத் தெரியாது, சாவியை மட்டும்தான் தெரியும். காரைத் தூக்கிக்கொண்டு போய், புதுச் சாவி எடுத்து, அதைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து எழுதுவதற்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போனது. சாவி செய்த பொடியன் ஒரு சின்னப் பெட்டியைக் காருக்குள் சொருகிப் பத்து நிமிசத்தில் வேலையை முடித்தான். பெரியம்மாவுக்குச் சந்தோசம். எனக்கு வேறு யோசனை: இந்தப் பெட்டி நல்லவன் கையில் மட்டும்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

இது என்ட வெறும் பயம் இல்லை. கையில் எடுக்காமலே திறக்கிற ஸ்மார்ட் கீயின் பலவீனத்தை சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2011இலேயே காட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் கிடக்கிற சாவியின் சமிக்ஞையை ஒருவன் வாசலில் நின்று பிடித்து, காருக்குப் பக்கத்தில் நிற்கிற கூட்டாளிக்கு அனுப்பினால், சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடும். எட்டுக் கம்பனிகளின் பத்து மாடல்களில் இதைச் செய்து பார்த்தார்கள். 2023இல் இன்னொன்று வெளியில் வந்தது: ஹெட்லைட்டைக் கழற்றி அதன் வயர் வழியாகக் காரின் உள் வலைக்குள் பொய்க் கட்டளை அனுப்புவது. இதற்குச் சாவியின் சமிக்ஞைகூடத் தேவையில்லை. சிப்பை உடைக்காமல் சிப்பைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இதற்காக இம்மொபிலைசர் வேண்டாம் என்று சொல்லுவது முட்டாள்தனம். தெருக் கள்ளனை அது உண்மையாகவே நிற்பாட்டியது. மிஞ்சியது கருவி வாங்கக் காசுள்ள கள்ளன்.

தெருக் கள்ளனும் வீட்டில் சும்மா இருக்கவில்லை. முழுக் காரைக் கொண்டுபோக முடியாதென்றால் துண்டுதுண்டாக. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் காலையில் எழும்பிப் பார்த்தால் சைட் மிரர் இல்லாத கார் அடிக்கடி கண்ணில் படும். 'பஞ்சிகாவத்தைக்குப் போனால் உன்ட கண்ணாடியையே நீ காசு கொடுத்து வாங்கலாம்' என்பது கொழும்பில் பழைய பகிடி. அங்கே நேர்மையாக யாவாரம் பண்ணுகிற கடைக்காரர் கனபேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் பகிடி கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஐந்து வருடம் புதுசு வராத ஊரில் பழைய காரும் அதன் ஒவ்வொரு துண்டும் பொன்னாகிவிட்டது. பொன்னைக் கழற்ற யாருக்குத்தான் ஆசை வராது. மேல்தட்டில் நடந்தது வேறு ரகம்: பொய்ச் சேசி இலக்கத்தோடு பதிவான ஆடம்பர வாகனங்கள். 2024 ஒக்டோபர் கடைசியில் ஒரு முன்னாள் இராஜாங்க அமைச்சரே பதிவில்லாத கார் ஒன்று தொடர்பாகக் கைதானார்.

சேசி இலக்கம் என்றதும் 2022 ஞாபகம் வருகிறது. அதுவரைக்கும் அந்த இலக்கத்தை யார் பார்த்தது? ஜூலையில் எரிபொருள் அனுமதி கியூ.ஆர் வந்ததும் வீட்டுக்கு வீடு பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, வண்டி இலக்கத்தோடு சேசி இலக்கத்தையும் போனில் அடித்தார்கள். வண்டியை அடையாளம் காண இரும்பில் வெட்டிய இலக்கம், கிழமைக்கு த்ரீவீலுக்கு ஐந்து லீட்டர், காருக்கு இருபது லீட்டர் என்று அளந்து கொடுக்கிற ரேசன் கார்டாகிவிட்டது. மாமா அந்த ஐந்து லீட்டருக்கு செட்டில் இரவு முழுக்க வரிசையில் படுத்திருக்கிறார். அந்த நாட்களில் கள்ளர்கள் எடுத்ததும் வண்டியை இல்லை, டாங்கில் இருந்த பெட்ரோலைத்தான். அப்பாவுக்கு அது 1983ஐ ஞாபகப்படுத்தியதாம். நான் அப்படி ஒப்பிடமாட்டேன், ஆனால் அவர் ஏன் சொன்னார் என்று விளங்குகிறது.

மாமாவின் இரண்டாவது த்ரீவீல் லீசிங்கில் எடுத்தது. கம்பனி எது என்று எழுதவில்லை. எடுக்கும்போதே ஜி.பி.எஸ் பூட்டிக் கொடுத்தார்கள். "அண்ணே, களவு போனா ஒரு நிமிசத்தில பிடிக்கலாம்" என்று சொன்னதும், ஏற்கெனவே ஒன்றை இழந்த மனுசனுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். ஜி.பி.எஸ்ஸின் நன்மை உண்மையானது. இதே வகையில் லோஜாக் என்று ஒரு சாதனம் 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வந்தது. காருக்குள் எங்கேயோ ஒளித்து வைத்த ரேடியோ. எந்தக் காரில் இருக்கிறது என்று கள்ளனுக்குத் தெரியாது, அதால் அது இல்லாத காரையும் தொடப் பயந்தான். ஸ்டியரிங்கில் வெளியில் தெரிய மாட்டுகிற தடிப் பூட்டு அப்படி இல்லை. அதைப் பார்த்த கள்ளன் பக்கத்து வீட்டுக் காருக்குப் போவான், அவ்வளவுதான். ஒளித்த பூட்டு ஊரைக் காக்கிறது, தெரிகிற பூட்டு என்னை மட்டும் காக்கிறது. இந்த விசயத்தை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது.

ஆனால் மாமாவின் ஜி.பி.எஸ் யாருக்கு வேலை செய்தது? 2022இல் பெட்ரோல் லீட்டர் 470 ரூபா. ஓட்டம் இல்லை, மூன்று மாதக் கட்டணம் நின்றுவிட்டது. ஒருநாள் ஜம்பட்டா வீதியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியிருக்கிறார். நாலு பேர் நேரே வந்து, அந்தத் த்ரீவீலுக்குத்தான் வந்து, சீஸ் பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். தேடி அலையவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. வண்டி தானே சொல்லிக்கொண்டிருந்தது. கட்டணம் கட்டாதது மாமாவின் பிழைதான், ஒப்பந்தத்திலும் கையெழுத்து இருக்கு. அதை மறுக்கவில்லை. ஆனால் 2013இல் களவு போனபோது ஒருவரும் கண்டுபிடித்துத் தராத வண்டி, 2022இல் அவரிடமிருந்து எடுக்கவேண்டிய நேரத்தில் நிமிசத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. கடன்காரரின் காரைத் தூர இருந்தே ஸ்டார்ட் ஆகாமல் செய்கிற கருவியைக் கடன் கொடுத்த கம்பனிகள் பூட்டுகின்றன. 2014இலேயே ஏறக்குறைய 20 இலட்சம் வாகனங்களில் அது இருந்ததாகச் செய்தி வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது கார் செத்துக் கிடந்த கதைகளும் அதோடு வந்தன.

அக்காமாரின் நகை அடகுக்குப் போய்த்தான் அந்தத் த்ரீவீல் திரும்பி வந்தது. கட்டி முடித்ததும் மாமா முதல் வேலையாக ஜி.பி.எஸ்ஸைக் கழற்றச் சொன்னார். பாஸ் கழற்றிக்கொண்டே, "களவு போனா என்ன செய்வீங்க அண்ணே?" என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் அந்த நாலாவது பூட்டு. பாஸே செய்து கொடுத்த சின்ன சுவிட்ச். பஞ்சிகாவத்தையில் வாங்கியது, விலை சில நூறு ரூபா. அதை நிற்பாட்டினால் எஞ்சினுக்குக் கரண்ட் போகாது. அப்பப்பாவின் ரோட்டர் செய்த அதே வேலை. கம்ப்யூட்டர் இல்லை, சிப் இல்லை, கம்பனிக்குச் செய்தி போகாது. பாஸை விட்டால் மாமிக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் இடம் தெரியும்.

இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோது எனக்கும் காட்டினார். எழுதக்கூடாது என்று சொல்லித்தான் காட்டினார்.